கேட்பது அவமரியாதையா?

சென்ற மாதப் பூசை முடிந்து மண்டபத்தில் சாப்பாட்டு வரிசையில் நின்றபோது, முன்னால் நின்ற பெரியவர் ஒருவர் எம் பக்கம் திரும்பி ஒரு கேள்வி கேட்டார். எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர். அவருக்கு புரொஸ்டேட் சுரப்பியில் வருத்தம். சத்திரசிகிச்சை செய்யலாம், கதிர் சிகிச்சை செய்யலாம், இப்போதைக்கு ஒன்றும் செய்யாமல் கவனித்துக்கொண்டும் இருக்கலாம், நீங்கள் எதை விரும்புகிறீர்கள் என்று டொக்டர் கேட்டிருக்கிறார். பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"தம்பி, எது நல்லதெண்டு எனக்குத் தெரிஞ்சால் நான் ஏன் அவரிட்டப் போறன்? என்னட்டக் கேட்டு வைத்தியம் செய்யிறதெண்டால் அவர் என்னத்துக்குப் படிச்சவர்?"

வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தோம். நாமும் சிரித்தோம். ஆனால் சாப்பிட உட்கார்ந்த பிறகு அந்தக் கேள்வி சிரிப்புக்குரியதாகத் தெரியவில்லை. ஏனென்றால் அதே கேள்வி கடந்த இரண்டு ஆண்டுகளாக எமது வீட்டுக்குள் வேறு உருவத்தில் இருந்து வருகிறது. பெரியவருக்கு அன்று சொல்ல முடியாத பதிலைத்தான் இங்கே எழுத முயல்கிறோம். எமது துணைவியாரைக் கேட்டுத்தான் எழுதுகிறோம். முதலில் வேண்டாம் என்றார். ஒரு கிழமை கழித்து, "என்ர பெயரைப் போடாமல், நீங்கள் செய்த பிழையையும் போட்டு எழுதுங்கோ" என்றார். அந்த இரண்டு நிபந்தனைகளுக்கும் கட்டுப்பட்டே இது வருகிறது.

அவருக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் வலது காதில் ஓர் ஓசை தொடங்கியது. இதயத் துடிப்போடு சேர்ந்து, தகரக் கூரைக்கு மேலால் காற்று விட்டுவிட்டு அடிப்பது போல் இருக்கும் என்பார். படுத்தால் கூடும். கழுத்தை ஒரு பக்கம் திருப்பினால் மாறும். காலையில் எழும்பும்போது தலையிடி. முதலில் பார்த்த ஒரு வைத்தியர் மனஅழுத்தம் என்றார். எங்கள் ஆட்களுக்கு மனஅழுத்தம் என்றால் மறுத்துப் பேச முடியாது. அது எல்லோருக்கும் இருக்கிறது. மாத்திரை எழுதினார், எடுத்தார், ஓசை நிற்கவில்லை. ஒரு வருடம் போனது. பிறகு வேறொருவர் ஸ்கான் எடுக்க அனுப்பினார். அதில்தான் கழுத்து நாளம் நசுங்கியிருப்பது தெரிந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மூளைக்குப் போன இரத்தம் திரும்பி இதயத்துக்கு இறங்கி வருவதற்குக் கழுத்தின் இரு பக்கமும் இரண்டு பெரிய நாளங்கள் உள்ளன. மண்டையோட்டிலிருந்து வெளியே வந்தவுடனேயே இவை ஓர் ஒடுக்கமான இடத்தைக் கடக்க வேண்டும். முன்னால், காதுக்குக் கீழே ஊசிபோல் இறங்கும் ஸ்டைலொயிட் என்ற எலும்பு. பின்னால், தலையைத் தாங்கும் முள்ளந்தண்டின் முதல் எலும்பு. அதற்கு அட்லஸ் என்று பெயர். ஊசி எலும்பு நீளமாகவோ சாய்வாகவோ இருந்தால் இடையில் உள்ள நாளம் சப்பையாகிவிடும். நாடியைப்போல் தடித்த சுவர் இல்லாதபடியால் நாளம் எளிதில் நசுங்கும். இரத்தம் தேங்கினால் தலைக்குள் அழுத்தம் கூடலாம். தலையிடி, காதில் துடிப்போசை, சிலருக்குப் பார்வை மங்கல் எல்லாம் அதனால் வரலாம்.

வரலாம் என்றுதான் சொல்ல வேண்டும். சிக்கலே அங்குதான் இருக்கிறது. வேறு காரணத்துக்காக ஸ்கான் எடுத்தவர்கள் பலரிடமும் இதே ஒடுக்கம் தெரிகிறது, அவர்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆகவே படத்தில் ஒடுக்கம் இருப்பதால் மட்டும் தலையிடிக்கு அதுவே காரணம் என்று சொல்லிவிட முடியாது. வைத்தியர்களுக்குள்ளேயே இதில் ஒரே கருத்து இல்லை. தலைக்குள் உள்ள நீரின் அழுத்தத்தைக் குறைக்க அசெட்டசோலமைட் என்ற மாத்திரை உண்டு. நாளத்தை விரித்து வைக்க உள்ளே ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வைக்கலாம். ஆனால் வெளியே எலும்பு அப்படியே இருந்தால் அது ஸ்டென்டையும் நசுக்கக்கூடும், பிறகு இரத்தம் உறையாமல் இருக்க மருந்தும் எடுக்க வேண்டும். ஊசி எலும்பை வெட்டி எடுக்கலாம், தேவைப்பட்டால் அட்லஸ் எலும்பின் ஓரத்தையும் சீவலாம். அந்த இடத்தில் முகத்துக்கும், தோளுக்கும், விழுங்குவதற்கும், குரலுக்குமான நரம்புகள் நெருக்கமாகப் போகின்றன. இத்தனை வழிகளையும் பெருந்தொகையான நோயாளர்களிடம் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு இல்லை. சிறு சிறு தொகுதிகளின் அனுபவம்தான் எழுதப்பட்டிருக்கிறது.

இதையெல்லாம் நிபுணர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். நாம் அருகில் இருந்து தமிழில் சொல்லிக்கொண்டு வந்தோம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று முன்னரே கேட்டிருந்தார்கள். வேண்டாம், நாமே இருக்கிறோம் என்று பெருமையாகச் சொல்லியிருந்தோம். பல்கலைக்கழகம் படித்த கணக்காளர் அல்லவா?

சத்திரசிகிச்சையின் ஆபத்துகளைச் சொல்லும்போது நிபுணர் குரலைப் பற்றி நீளமாகப் பேசினார். நரம்புக்குக் காயம் பட்டால் குரல் கம்மிப் போகலாம், பெரும்பாலும் திரும்பி வரும், எப்போதும் வரும் என்று உறுதி தர முடியாது என்றார். எமது துணைவியார் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக் கொடுப்பவர். அதைச் சொன்னால் பயந்துவிடுவார், பிறகு சிகிச்சையே வேண்டாம் என்பார் என்று எமக்குள் ஓர் எண்ணம். அவ்வளவு நீளப் பேச்சையும் நாம் தமிழில் இப்படிச் சுருக்கினோம்: "சின்னச் சின்ன ஆபத்துகள் இருக்காம், எல்லா ஒப்பரேஷனிலயும் இருக்கிறதுதான்."

நிபுணர் எம்மைப் பார்த்தார். தான் சொன்னது இவ்வளவு சிறியதா என்று நினைத்திருப்பார். அடுத்து அவரை நேரே பார்த்து, இவற்றில் உங்களுக்கு மிகவும் தொந்தரவு எது என்று மெதுவாக, எளிய ஆங்கிலத்தில் கேட்டார். நாம் உடனே பதில் சொன்னோம். "ஹெட்டேக், டொக்டர். நீங்கள் எது நல்லதென்று நினைக்கிறீர்களோ அதைச் செய்யுங்கள்."

அப்போது துணைவியார் தமிழில், மெதுவாகத்தான், ஆனால் அறையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "நீங்கள் கொஞ்சம் பேசாமல் இருங்கோ. தலை என்ர. டொக்டர் என்னைத்தானே கேட்டவர்? அதுக்கு முதல் வொய்ஸ் எண்டு ஏதோ சொன்னவர். அதை ஏன் நீங்கள் எனக்குச் சொல்லேல்லை?"

நிபுணருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் நடந்தது என்னவென்று அவருக்கு விளங்கிவிட்டது. அன்று எதையும் முடிவு செய்ய வேண்டாம், அடுத்த முறை ஒரு மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்வோம் என்று சொல்லி அனுப்பினார். டொமினியன் ரோட் வழியாக வீட்டுக்கு வரும்வரை காருக்குள் பேச்சில்லை. எமது தொழிலில் ஒரு நிறுவனத்தின் கடனை ஐந்தொகையில் காட்டாமல் விட்டால் அதற்குப் பெயர் உண்டு. அன்பினால் விட்டேன் என்று எந்தக் கணக்காய்வாளரிடமும் சொல்ல முடியாது.

ஏன் அப்படிச் செய்தோம் என்று பலநாள் யோசித்தோம். ஊரில் இருந்த காலத்தில் பஸ்ஸைச் சோதனைச் சாவடியில் மறித்தால், கொஞ்சம் சிங்களம் தெரிந்த ஒருவர்தான் எல்லோருக்குமாகப் பதில் சொல்வார். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்கள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில், அதுவும் குறைந்த சொற்களில். நாம் திருப்பிக் கேள்வி கேட்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்தப் பதில் சொல்கிற ஆளாகப் பதினாறு வயதிலிருந்து நின்று பழகியவர்கள் நாம். அது குடும்பத்தைக் காப்பாற்றிய பழக்கம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். பிறகு அகதி விண்ணப்பம், நேர்முகம், படிவங்கள். அங்கும் குடும்பத்துக்காகப் பேசியது நாமே. வெள்ளைக் கோட்டைக் கண்டாலும் சீருடையைக் கண்டாலும் உடம்பு ஒரே மாதிரித்தான் எழுந்து நிற்கிறது. இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருடமாகியும் டொக்டரின் அறையைச் சாவடி என்று நினைத்துத்தான் நாம் உள்ளே போயிருக்கிறோம்.

இனி, எங்கள் வீடுகளிலிருந்து அதிக தூரமில்லாத ஓரிடத்தில் நடந்த கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் டொக்டர் ஏன் நோயாளியிடம் கேட்கிறார் என்பதற்கான விடை அங்கே இருக்கிறது.

மவுண்ட் ரோஸ்கிலில் இருப்பவர்கள் கண்ணுக்கும் மற்ற கிளினிக்குகளுக்கும் கிரீன்லேன் போய் வருகிறோம். அந்த வளாகத்தில், குளோட் ரோட்டில், 1964 முதல் 2004 வரை நஷனல் விமின்ஸ் என்ற பெண்கள் வைத்தியசாலை இயங்கியது. சாதாரண இடமல்ல. தாயின் வயிற்றுக்குள் இருக்கும் சிசுவுக்கு உலகில் முதன்முதலாக வெற்றிகரமாக இரத்தம் ஏற்றியது இந்த வைத்தியசாலையின் வைத்தியர்தான், 1963இல். அப்படிப் பெயர் பெற்ற இடத்தில் ஹேர்பர்ட் கிரீன் என்ற இணைப் பேராசிரியர் இருந்தார். கருப்பைக் கழுத்தில் தோன்றும், புற்றுநோய்க்கு முந்திய நிலை ஒன்று உண்டு. அதைக் கண்டவுடன் வெட்டி அகற்றுவது அக்கால வழக்கம். பெரும்பாலும் அது புற்றுநோயாக மாறாது, இளம் பெண்களுக்குத் தேவையில்லாமல் கருப்பையை எடுக்கிறோம் என்பது கிரீனின் எண்ணம். 1966இல் வைத்தியசாலையின் ஒப்புதலுடன் பல பெண்களை முழுமையான சிகிச்சை கொடுக்காமல் கவனித்து வரத் தொடங்கினார். அவர்கள் தவணைக்கு வந்தார்கள், சோதனை கொடுத்தார்கள், போனார்கள். தாங்கள் ஓர் ஆய்வில் இருக்கிறோம் என்பதோ, வேறு சிகிச்சை உண்டு என்பதோ அவர்களுக்குச் சொல்லப்படவில்லை.

உள்ளே இருந்த சிலருக்கு ஐயம் வந்தது. பில் மெக்கிண்டோ என்ற வைத்தியரும் ஜொக் மெக்லீன் என்ற நோயியல் நிபுணரும் 1970களிலேயே எச்சரித்தார்கள். மூத்தவரை எதிர்த்துப் பேசக்கூடாது என்ற பழக்கம் வெள்ளைக்காரர்களிடமும் இருந்திருக்கிறது. அவர்களின் பேச்சு எடுபடவில்லை. 1984இல் அவர்கள் இருவரும் ரொன் ஜோன்ஸ் என்ற மகப்பேற்று வைத்தியர் முதலானோரும் சேர்ந்து 948 பெண்களின் விபரங்களை ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். சிகிச்சைக்குப் பின் சோதனை வழமையாக இருந்த 817 பேரில் 12 பேருக்குப் புற்றுநோய் வந்திருந்தது. சோதனையில் மாற்றம் தொடர்ந்து காணப்பட்ட 131 பேரில் 29 பேருக்கு வந்திருந்தது. முதலாவது நூற்றுக்கு ஒன்றரை, இரண்டாவது நூற்றுக்கு இருபத்திரண்டு. கணக்குப் படித்தவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

கிளேர் மதேசன் என்ற பெண் 1964 முதல் 1979 வரை, பதினைந்து ஆண்டுகள், அந்த வைத்தியசாலைக்குப் போய்வந்தவர். இனி வரத் தேவையில்லை என்று அனுப்பப்பட்டார். 1985இல் அவருக்குப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. 1987 ஜூனில் சாண்ட்ரா கோனியும் பிலிடா பங்கிளும் மெட்ரோ சஞ்சிகையில் எழுதிய கட்டுரையில் ரூத் என்ற பெயரில் வந்தவர் இவரே. நாடு அதிர்ந்தது. அரசாங்கம் அப்போது மாவட்ட நீதிபதியாக இருந்த சில்வியா கார்ட்ரைட் தலைமையில் விசாரணை வைத்தது. 1988 ஆகஸ்டில் அறிக்கை வெளியானது. (இந்த சில்வியா கார்ட்ரைட் பின்னர் 2001 முதல் 2006 வரை நாட்டின் ஆளுநர் நாயகமாக இருந்தார். 2014இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை ஆணையாளர் நவநீதம் பிள்ளை இலங்கை பற்றிய விசாரணைக்கு நியமித்த மூன்று ஆலோசகர்களில் இவரும் ஒருவர். எங்கள் கதையையும் வாசித்தவர் என்பதற்காக இதைச் சொல்கிறோம்.)

அந்த அறிக்கையின் பயனாக 1994இல் சுகாதார, வலுக்குறைவு ஆணையாளர் சட்டம் வந்தது. முதல் ஆணையாளரின் பெயர் ரொபின் ஸ்டென்ட். எமது துணைவியார் இதைக் கேட்டுச் சிரித்தார், அந்தச் சொல் எமது வீட்டில் அவ்வளவு அடிபட்டிருந்தது. 1996 ஜூலை 1 முதல் நோயாளர் உரிமைகளின் கோவை நடைமுறையில் உள்ளது. பத்து உரிமைகள். என்னென்ன வழிகள் உண்டு, ஒவ்வொன்றிலும் என்ன நன்மை, என்ன ஆபத்து, என்ன செலவு என்று அறியும் உரிமை ஆறாவது. வேறொரு வைத்தியரின் கருத்தை எப்படிப் பெறலாம் என்று கேட்டால் நேர்மையான பதில் தர வேண்டும் என்பதும், கேட்டால் விளக்கத்தை எழுத்தில் சுருக்கித் தர வேண்டும் என்பதும் அதற்குள்ளேயே உண்டு. விரும்பியதைத் தெரிவு செய்வதும் வேண்டாம் என்பதும் ஏழாவது. தேவையும் வசதியும் உள்ள இடத்தில் தகுதியான மொழிபெயர்ப்பாளர் ஐந்தாவது. தான் விரும்பும் ஒருவரைத் துணைக்கு வைத்திருப்பது எட்டாவது. குறை இருந்தால் முறையிடலாம். அதற்கு உதவ, வைத்தியசாலைகளுடன் தொடர்பில்லாத இலவச ஆலோசகர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். இங்கு சிகிச்சையால் காயம் வந்தால் ஏ.சி.சி. பார்க்கும், நட்டஈட்டுக்கு வழக்குப் போட முடியாது. ஆகவே பிறகு வழக்காடுவதை நம்பியிராமல் முன்னரே கேட்டுத் தெரிந்துகொள்வது இந்த நாட்டில் மேலும் முக்கியம் என்று எமக்குப் படுகிறது.

ஆனால் இந்தக் கதையில் எம்மைத் தூங்கவிடாமல் செய்தது சட்டம் அல்ல. பெண்களைத் தேவையற்ற வெட்டிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்றுதான் கிரீன் தொடங்கினார். அதை நம்பியே செய்தார். அவர்களுக்கு எது நல்லதென்று தமக்குத் தெரியும் என்று முடிவெடுத்த பிறகு, அவர்களிடம் சொல்வது அவருக்கு அவசியமாகத் தெரியவில்லை. குரலைப் பற்றிய செய்தியை நாம் விழுங்கியதும் அதே காரணத்தால்தான். அவருடைய தவறு பெரிது, எமது தவறு சிறிது என்று சொல்லித் தப்பலாம். அளவில்தான் வித்தியாசம், கணக்கின் தலைப்பு ஒன்றே.

எங்கள் வீடுகளில் இது எத்தனை உருவங்களில் நடக்கிறது! அம்மாவுக்குப் புற்றுநோய் என்று பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும், கனடாவில் உள்ள மருமகனுக்கும் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. பத்து வயதுப் பேத்தி கிளினிக்கில் பாட்டிக்கு மொழிபெயர்க்கிறாள், பாட்டியோ மூலவியாதியைப் பேத்தியிடம் சொல்லக் கூச்சப்பட்டு வயிற்றுவலி என்கிறார். டெல்லியில் 1995இல் நடந்த ஒரு சம்பவம் இந்திய உச்ச நீதிமன்றம் வரை போனது. பரிசோதனைக்காக மயக்கமருந்து கொடுக்கப்பட்டுக் கிடந்த நாற்பத்துநான்கு வயதுப் பெண்ணின் கருப்பையை, வெளியே காத்திருந்த அவருடைய தாயின் சம்மதத்தை வாங்கிக்கொண்டு எடுத்துவிட்டார்கள். 2008இல் தீர்ப்பு வந்தது: உயிருக்கு உடனடி ஆபத்தில்லாத நிலையில், சுயநினைவு திரும்பியபின் தானே முடிவெடுக்கக்கூடிய ஒரு பெண்ணுக்காகத் தாயும் சம்மதிக்க முடியாது. பெற்ற தாய்க்கே இல்லாத அதிகாரத்தைக் கட்டிய கணவன் எங்கிருந்து எடுத்துக்கொண்டான் என்று துணைவியார் கேட்டார். பதில் இல்லை.

அவுஸ்திரேலியாவில் நடந்த இன்னொன்று. மரீ விட்டேக்கர் என்பவருக்குச் சிறு வயதிலிருந்தே ஒரு கண் ஏறக்குறையத் தெரியாது. அதற்குச் சத்திரசிகிச்சை செய்யும் முன், நல்ல கண்ணுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் கண்ணில் எதுவும் விழாமல் ஏதாவது மூடி வைக்க முடியுமா என்றுகூடக் கேட்டிருக்கிறார். ஒரு கண்ணில் செய்வது மற்றக் கண்ணையும் தாக்கும் ஒரு நோய் உண்டு, ஏறத்தாழ 14,000 பேரில் ஒருவருக்கு வரும். அதை அவருக்குச் சொல்லவில்லை. அவருக்கு அது வந்தது, இருந்த பார்வையும் ஏறக்குறைய முழுவதும் போனது. 1992இல் அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நோயின் பெயரைச் சொல்லிக் கேட்கவில்லையே என்ற வாதம் எடுபடவில்லை. 14,000இல் ஒன்று என்றால் கணக்காய்வில் நாம் பேனையைத் தூக்கக்கூட மாட்டோம், பொருட்படுத்தத் தக்கதல்ல என்று விட்டுவிடுவோம். ஆனால் யாருக்குப் பொருட்படுத்தத் தக்கது என்பதுதான் அங்கே கேள்வி. பார்வையுள்ள கண் ஒன்றே ஒன்று உள்ளவருக்கு அந்த எண் வேறு எண். தேவாரம் பாடுகிறவருக்குக் குரலும் அப்படித்தான். அந்தப் பெறுமதியை எந்த நிபுணரும் ஸ்கானில் பார்க்க முடியாது. நோயாளி வாய் திறந்து சொன்னால்தான் தெரியும்.

பெரியவரின் கோபத்துக்கு இங்கேதான் பதில் இருக்கிறது என்று நினைக்கிறோம். எது நல்ல வைத்தியம் என்பதை அவரிடம் டொக்டர் கேட்கவில்லை. எந்த இழப்பை அவரால் தாங்க முடியும் என்று கேட்கிறார். அது படித்து வருகிற விடயமல்ல. ஆனால் பெரியவரின் பக்கத்திலும் நியாயம் உண்டு. மூன்று வழியையும் மேசையில் பரப்பிவிட்டு, உங்கள் விருப்பம் என்று கையைக் கழுவுவதும் வைத்தியமல்ல. "உங்கள் தகப்பனாராக இருந்தால் எதைச் செய்வீர்கள், ஏன்?" என்று திருப்பிக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. கேட்டுவிட்டு, சரி, நீங்கள் சொல்வதையே செய்வோம் என்று விட்டுக்கொடுப்பதும் ஒரு தெரிவுதான். அடுத்த பூசையில் அவரைக் கண்டால் இதைச் சொல்ல வேண்டும்.

திருக்குறளில் மருந்து என்ற அதிகாரம் வைத்தியத்தை நான்கு பகுதிகளாகப் பிரிக்கிறது. நோயாளி, வைத்தியர், மருந்து, அருகில் இருந்து கவனிப்பவர். சிறு வயதில் நாவன்மைப் போட்டிக்காகப் பாடமாக்கியது, அப்போது இந்த ஒழுங்கைக் கவனிக்கவில்லை. நோயாளி முதலில் வருகிறார். எமது இடம் நான்காவது. அந்த அறையில் நாம் நாலாம் இடத்திலிருந்து முதலாம் இடத்துக்குத் தாவியிருக்கிறோம்.

அடுத்த தவணைக்கு மொழிபெயர்ப்பாளராக ஒரு தங்கச்சி வந்தார். துணைவியார் பிள்ளைகளின் பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றில் தமிழில் கேள்விகள் எழுதிக்கொண்டு போனார். "இந்த ஒடுக்கம்தான் எனக்கு வருத்தம் தருகிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்பது முதலாவது. நாம் இரண்டு பட்டங்கள் வைத்திருக்கிறோம், எமக்கு அது தோன்றவில்லை. "இதை உங்கள் கையால் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், அவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள்?" என்பது இன்னொன்று. அதைக் கேட்டபோது எமக்கு வெட்கத்தில் காது சூடேறியது. நிபுணர் கோபிக்கவில்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய தொகைதான் என்று நேரே சொன்னார். ஒன்றும் செய்யாமல் இருந்தால் என்ன நடக்கும் என்று கேட்டதற்கு, பார்வை நரம்பு வீங்கியிருந்தால் காத்திருக்க நேரமில்லை, இல்லையென்றால் நேரம் இருக்கிறது என்றார். கண் பரிசோதனையில் வீக்கம் இல்லை. முதல் கேள்விக்கு விடை தேட, தொடையருகே இருந்து மெல்லிய குழாயை நாளத்துக்குள் செலுத்தி ஒடுக்கத்துக்கு மேலும் கீழும் அழுத்தத்தை அளந்தார்கள். வித்தியாசம் இருந்தது, ஆனால் சிறியது. இதைக் கொண்டு எலும்பை வெட்டுங்கள் என்றும் சொல்ல முடியவில்லை, வெட்ட வேண்டாம் என்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றார் நிபுணர்.

அவர் காத்திருக்க முடிவு செய்தார். மாத்திரை எடுக்கிறார். விரல் நுனி விறுவிறுக்கிறது, சோடா குடித்தால் சுவை மாறியிருக்கிறது என்கிறார். தலையிடி குறைந்திருக்கிறது, ஓசை நிற்கவில்லை.

எமக்கு அந்த முடிவில் உடன்பாடு இல்லை. அதை மறைக்கவும் விரும்பவில்லை. செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட வேண்டும் என்பது எமது சுபாவம். ரொறன்ரோவில் உள்ள மைத்துனர் தினமும் போன் எடுத்து, வெளிநாட்டில் ஒருவர் இதைச் செய்கிறாராம், காசைக் கட்டினால் அடுத்த மாதமே செய்யலாமாம் என்கிறார். தேடினால் செய்கிறேன் என்று சொல்லும் ஒருவர் உலகத்தில் எங்காவது இருக்கத்தான் செய்வார். தனக்காகப் பேசுவது என்பது விரும்பிய பதில் கிடைக்கும்வரை கதவு கதவாகத் தட்டுவதாகவும் மாறிவிடக்கூடும். நாம் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தோம். "ஆம் எண்டு சொல்லுற டொக்டரைத் தேடுறீங்களோ, உண்மை சொல்லுற டொக்டரைத் தேடுறீங்களோ?" என்று துணைவியார் கேட்ட பிறகு அந்தப் பேச்சை விட்டோம். மைத்துனர் இன்னும் விடவில்லை.

இரவில் சிலவேளை அவர் எழும்பி உட்கார்ந்திருப்பார். ஓசை கேட்கிறதா என்று கேட்போம். ஓம் என்பார். செய்திருக்கலாமோ என்று வாய்வரை வரும். அவரே அதை யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார் என்று தெரிவதால் தேநீர் போட எழுந்து போவோம். கேட்டுத் தெரிந்து முடிவெடுத்தவருக்கு அந்த முடிவின் பாரமும் கூடவே வருகிறது. முன்பெல்லாம் விதி என்றோ டொக்டர் சொன்னார் என்றோ இறக்கி வைக்க ஓரிடம் இருந்தது. அது இப்போது இல்லை. இதை மறைத்துவிட்டு உரிமைகளை மட்டும் எழுதினால் இன்னொரு முறை சுருக்கி மொழிபெயர்த்தவர்களாவோம்.

அடுத்த தவணை மூன்று மாதத்தில். கொப்பியில் இதுவரை ஏழு கேள்விகள் சேர்ந்திருக்கின்றன. அதே தங்கச்சியை வரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். நாம் காரை நிறுத்த இடம் பார்த்துவிட்டு, உள்ளே வந்து சுவரோரக் கதிரையில் இருக்கலாம் என்று அனுமதி கிடைத்திருக்கிறது.